மகனைக் கைது செய்த தந்தை: ராபர்ட் ஹியூ பென்சனின் வேதசாட்சிகள் நாவல்



ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகவில்லை என்பதற்காக அரசாங்கத்துக்கு அபராதம் கட்டிய மக்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? முதலாம் எலிசபெத் அரசி ஆண்ட இங்கிலாந்தில் கத்தோலிக்கர்களுக்கு அந்த நிலைதான் இருந்தது. 1559-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு ஏற்படுத்திய சபையின் ஞாயிறு வழிபாட்டுக்கு வராதவர் ஒவ்வொரு முறையும் 12 பென்ஸ் கட்ட வேண்டும். அது ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலிக்கும் அதிகம். 1581-இல் இந்த அபராதம் மாதத்துக்கு 20 பவுண்டாக உயர்ந்தது. அந்நாளில் ஒரு பள்ளி ஆசிரியருக்கு ஓராண்டுச் சம்பளமே அவ்வளவு கிடைப்பது அரிது. நிலம் வைத்திருந்த குடும்பங்கள்கூட இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆட்டம் கண்டன.

இப்படி ஆட்டம் கண்ட ஒரு வீட்டில்தான் 'கம் ராக்! கம் ரோப்!' என்ற ஆங்கில நாவல் தொடங்குகிறது. இதை எழுதியவர் அருட்பணி ராபர்ட் ஹியூ பென்சன். வெளிவந்த ஆண்டு 1912. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கத்தோலிக்கர்கள் இதை விடாமல் படித்து வருகிறார்கள். சமயச் சீர்திருத்தக் காலத்துப் போராட்டத்தை அரசர்கள், படைகள், மாநாடுகள் வழியாகச் சொல்லும் நூல்கள் ஏராளம். இந்த நாவல் அதை ஒரு வீட்டுக் கூடத்தில் வைத்துச் சொல்கிறது.

கதை நடக்கும் இடம் இங்கிலாந்தின் நடுவிலுள்ள டார்பிஷயர் மாவட்டம். அது மலைப்பாங்கான, குளிர் மிகுந்த பகுதி. ராபின் ஆட்ரி என்ற இளைஞனும் மார்ஜரி மேனர்ஸ் என்ற பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். திருமணத்துக்கும் மனதளவில் உறுதி செய்துகொள்கிறார்கள். ஒருநாள் ராபின் குதிரையில் அவளைத் தேடி வந்து ஒரு செய்தி சொல்கிறான். பல ஆண்டுகளாக அபராதம் கட்டிச் சலித்துப்போன அவனுடைய தந்தை, வரும் பாஸ்கா விழாவில் அரசு சபையின் கோவிலுக்குப் போய் நற்கருணை வாங்கப்போவதாக முடிவெடுத்துவிட்டார். மகனும் தன்னோடு வரவேண்டும் என்கிறார்.

தந்தையை பென்சன் கொடியவராகக் காட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர் களைத்துப்போன மனிதர், அவ்வளவுதான். நாற்பது வயதுக்கு மேல் குடும்பச் சொத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டத்தில் நிற்கும் எவருக்கும் அவர் பேச்சு புரியும். நாவலைப் படித்தபோது அவர்மேல் கோபம் வருவதற்குப் பதில் இரக்கமே வந்தது.

மார்ஜரி கடவுளிடம் மன்றாடுகிறாள். அப்போது அவளுக்கு ஒன்று தெளிவாகிறது: ராபின் தனக்குக் கணவனாக அல்ல, கடவுளுக்குக் குருவாக வேண்டியவன். யாரை இழந்தால் தன் வாழ்வே வெறுமையாகிவிடுமோ, அவனை அவளே அனுப்பி வைக்கிறாள். ராபின் முதலில் மறுக்கிறான், போராடுகிறான், பின்பு கடல் கடந்து பிரான்சு நாட்டிலுள்ள ரீம்ஸ் நகரக் குருமடத்துக்குப் போகிறான்.

இந்தக் குருமடம் கற்பனையல்ல. 1568-இல் வில்லியம் ஆலன் டூவே நகரில் ஆங்கிலேய மாணவர்களுக்காக இதைத் தொடங்கினார். 1578 முதல் 1593 வரை அது ரீம்ஸ் நகரில் இயங்கியது. அங்கே படித்துத் திருநிலைப்படுத்தப்பட்டவர்கள் வணிகர்களாகவும் வேலையாட்களாகவும் வேடமிட்டுத் தாய்நாட்டுக்குத் திரும்பினார்கள். 1585-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய வருகையையே ராஜதுரோகம் என்றது. அவர்களுக்கு அடைக்கலம் தருபவருக்கும் மரண தண்டனை. கவனியுங்கள்: வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற ஒருவர் இங்கிலாந்து மண்ணில் கால் வைத்ததே குற்றம். அவர் சதி செய்தாரா என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

அடைக்கலம் தந்தவர்கள் யார்? பெரும்பாலும் பொதுநிலையினர், அவர்களிலும் பலர் பெண்கள். யார்க் நகரில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மனைவியான புனித மார்கரெட் கிளித்தரோ குருக்களுக்கு இடமளித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். விசாரணை நடந்தால் தம் பிள்ளைகளே சாட்சி சொல்ல நேரும் என்பதால் அவர் பதிலளிக்க மறுத்தார். 1586 மார்ச் 25-ஆம் நாள் அவர்மேல் பலகையை வைத்து, பளுவேற்றி நசுக்கிக் கொன்றார்கள். மார்ஜரி கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் மார்கரெட் கிளித்தரோ போன்ற பெண்கள் உண்மையில் வாழ்ந்த காலம் அது. ராபினை அனுப்பிவிட்டு மார்ஜரி துறவு மடம் தேடிப் போகவில்லை. தன் வீட்டிலேயே இருக்கிறாள். பெற்றோரைக் கவனிக்கிறாள். வீட்டைத் திருப்பலி நடக்கும் இடமாக்குகிறாள். எந்தக் குரு எந்த ஊரில், எந்த வழியில் வரலாம், யாரை நம்பலாம் என்ற செய்திகளெல்லாம் அவளிடம் வந்து சேர்ந்து பிரிகின்றன. வேட்டையாடுவோர் வந்தால் குரு ஒளிந்துகொள்ளச் சுவருக்குள் மறைவிடம் கட்டப்படுகிறது. அப்படிப்பட்ட மறைவிடங்களைக் கட்டுவதில் வல்லவரான இயேசு சபைச் சகோதரர் புனித நிக்கோலாஸ் ஓவன் நாவலிலும் வருகிறார். அவர் 1606-இல் லண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதையில் உயிர் விட்டார். எத்தனையோ வீடுகளின் இரகசியம் தெரிந்த அந்த மனிதர் ஒரு வீட்டையும் காட்டிக் கொடுக்கவில்லை.

நாவலின் தலைப்பும் இதைப் பற்றியதே. 'ராக்' என்பது கைகால்களைக் கட்டி உடலை இரு பக்கமும் இழுக்கும் வதைக்கட்டில். 'ரோப்' என்பது தூக்குக் கயிறு. இயேசு சபைக் குரு புனித எட்மண்ட் கேம்பியன் 1581 ஜூலையில் பிடிபட்டார். வதைக்கட்டிலில் கிடந்தபோது, தமக்கு இடம் தந்த சில வீடுகளின் பெயர்கள் அவர் வாயிலிருந்து வந்துவிட்டன. அதற்காக மனம் நொந்து, சிறையிலிருந்த தோமஸ் பவுண்ட் என்ற நண்பருக்குக் கடிதம் எழுதினார். அந்த வீடுகளில் அறிந்த இரகசியம் எதையும் தாம் சொல்லவில்லை, வதைக்கட்டில் வந்தாலும் கயிறு வந்தாலும் சொல்லப்போவதுமில்லை என்பது அதன் சாரம். அந்தக் கடிதத்தையே வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள். 1581 டிசம்பர் 1-ஆம் நாள் லண்டன் டைபர்ன் கொலைக்களத்தில் அவர் கொல்லப்பட்டார். ஆகவே இந்தத் தலைப்பை வீர முழக்கமாக எடுத்துக்கொள்வது சரியல்ல. ஏற்கெனவே ஒருமுறை தடுமாறியவர், இனித் தடுமாறக்கூடாது என்று நடுங்கிக்கொண்டே சொன்ன சொல் அது. புனிதர்கள் தடுமாறியதே இல்லை என்று நினைத்து நம்மை நாமே நொந்துகொள்கிறவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

இடையே ஒரு செய்தி. இந்தத் தோமஸ் பவுண்டின் நெருங்கிய தோழர் தோமஸ் ஸ்டீபன்ஸ். இருவரும் சேர்ந்து உரோமைக்குப் போய் இயேசு சபையில் சேர எண்ணியிருந்தார்கள். பவுண்ட் கைதாகிப் பல்லாண்டுகள் சிறைகளில் கழித்தார். ஸ்டீபன்ஸ் மட்டும் தப்பிப் போய், 1579-இல் கோவா வந்து சேர்ந்து, மராத்தியில் 'கிறிஸ்த புராணம்' பாடினார். 1616-இல் அச்சான அந்தப் பெருங்காப்பியத்துக்குப் பின்னாலும் இந்த நாவலின் உலகம்தான் இருக்கிறது.

கதைக்குத் திரும்புவோம். ராபின் குருவாகி, ஆல்பன் என்ற மாற்றுப் பெயரில் டார்பிஷயருக்குத் திரும்புகிறான். அவனுடைய நண்பன் ஆந்தனி பேபிங்டன், சிறையிலிருந்த ஸ்காட்லாந்து அரசி மேரியை விடுவித்து எலிசபெத்தைக் கொல்லும் சதியில் இறங்கி 1586-இல் தூக்கிலிடப்படுகிறான். மேரியும் 1587 பிப்ரவரி 8-ஆம் நாள் தலை வெட்டப்படுகிறார். இவையெல்லாம் வரலாறு. நாவலில் இப்பகுதி சற்று நீளம். மேரியின் கதையைப் பல நூல்களில் படித்தவர்கள் இங்கே பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகலாம். மறுபடி மலைநாட்டுக்கு வந்ததும்தான் நாவலுக்கு உயிர் வருகிறது.

பேட்லி என்ற ஊரில் ஃபிட்ஸ்ஹெர்பர்ட் குடும்பத்தாரின் மாளிகை இருந்தது. 1588 ஜூலை 12-ஆம் நாள் அங்கே தேடுதல் நடந்தபோது நிக்கோலாஸ் கார்லிக், ராபர்ட் லட்லம் என்ற இரு குருக்கள் பிடிபட்டார்கள். கார்லிக் குருவாகும் முன் டைட்ஸ்வெல் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய மாணவர்கள் மூவர் குருக்களானார்கள். அவர்களுள் கிறிஸ்டோபர் பக்ஸ்டன் அதே 1588-இல் கேன்டர்பரியில் வேதசாட்சியானார். இருவரையும் டார்பி சிறைக்குக் கொண்டு போனார்கள். அங்கே ரிச்சர்ட் சிம்சன் என்ற இன்னொரு குரு இருந்தார். ஏற்கெனவே மரண தண்டனை விதிக்கப்பட்டவர் அவர். அரசு சபை வழிபாட்டுக்கு வருவதாகத் தளர்ந்து போனதால் தண்டனை தள்ளி வைக்கப்பட்டிருந்தது. பேட்லியிலிருந்து வந்த இருவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கூட இருந்தார்கள், பேசினார்கள், பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள். சிம்சன் திரும்பி வந்தார்.

1588 ஜூலை 24-ஆம் நாள் டார்பி நகரின் புனித மரியா பாலத்தருகே மூவரும் கொல்லப்பட்டார்கள். அதே நாட்களில் ஸ்பானியக் கடற்படை ஆங்கிலக் கால்வாயில் வந்துகொண்டிருந்தது. நாடே அச்சத்திலும் வெறியிலும் இருந்தது. முதலில் ஏணியில் ஏற வேண்டியவர் சிம்சன். அவர் முகத்தில் அச்சம் தெரிந்ததோ என்னவோ, கார்லிக் முந்திக்கொண்டு ஏணியை முத்தமிட்டுத் தாமே முதலில் ஏறினார் என்று சொல்லப்படுகிறது. மூவரையும் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1987 நவம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்து, வேல்ஸ் வேதசாட்சிகள் 85 பேருள் சேர்த்து முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவித்தார். பென்சன் எழுதிய காலத்தில் அவர்களுக்கு அந்தப் பட்டமும் இல்லை. உள்ளூர்க் கத்தோலிக்கரின் நினைவில் மட்டுமே வாழ்ந்தவர்களை அவர் உலக வாசகர்முன் கொண்டு வந்தார்.

அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்ததும் கேட்கத்தக்கது. மூத்தவரான சர் தோமஸ் ஃபிட்ஸ்ஹெர்பர்ட் விசுவாசத்துக்காக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சிறைகளில் கிடந்து 1591-இல் இறந்தார். அவருடைய தம்பி ஜானும் 1590-இல் சிறையிலேயே இறந்தார். காட்டிக் கொடுத்தவன் வெளியாள் அல்ல. ஜானின் மகன், பெரியப்பாவின் பெயரையே கொண்ட இளைய தோமஸ். சொத்து விரைவில் கைக்கு வரவேண்டும் என்பதற்காகக் கத்தோலிக்கரை வேட்டையாடிய ரிச்சர்ட் டாப்கிளிஃப் என்பவனோடு அவன் பண ஒப்பந்தம் செய்துகொண்டான். தந்தையையும் பெரியப்பாவையும் சாகும்வரை துன்புறுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். பிறகு பணம் வரவில்லை என்று டாப்கிளிஃப் நீதிமன்றத்துக்கே போனான். அவர்கள் சிறையில் காய்ச்சல் கண்டு இறந்தார்கள், நீ கொல்லவில்லையே என்று மகன் எதிர்வாதம் செய்தான்! நாவலாசிரியர் இப்படிக் கற்பனை செய்திருந்தால் மிகைப்படுத்துகிறார் என்றிருப்போம்.

இந்த உண்மைக் கதையில் மகன் தந்தையைக் காட்டிக் கொடுக்கிறான். பென்சன் தம் கற்பனைக் குடும்பத்தில் அதைத் திருப்பிப் போடுகிறார். அரசு சபையில் சேர்ந்த ராபினின் தந்தை இப்போது நீதவான். கத்தோலிக்க வீடுகளைச் சோதனையிடுவது அவர் கடமையாகிவிட்டது. மார்ஜரியின் வீட்டைச் சுற்றி நடக்கும் வேட்டையில் ஆல்பன் என்ற குரு பிடிபடுகிறார். கொண்டுவந்து நிறுத்தப்பட்டவரின் முகத்தைப் பார்த்த நீதவான் தம் மகனை அடையாளம் கண்டு, அந்த இடத்திலேயே நிலைகுலைந்து சாய்கிறார். மத்தேயு நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் தம்மால் ஒரே வீட்டாரிடையே பிரிவு உண்டாகும் என்று ஆண்டவர் கூறியதை மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதன் கனத்தை இந்தப் பக்கங்களில் உணர முடியும். ராபின் சித்திரவதைக்குள்ளாகிறான். தன்னை ஏற்ற வீடுகளின் பெயர்களைச் சொல்லவில்லை. தூக்கு ஏணியில் நிற்கும்போது கீழே தந்தை நிற்கிறார். மகன் மேலிருந்து அவருக்குப் பாவமன்னிப்பு வழங்குகிறான்.

இந்தக் காட்சியை எழுதியவர் யாருடைய மகன் என்பதையும் சொல்லியாக வேண்டும். ராபர்ட் ஹியூ பென்சன் 1871 நவம்பர் 18-ஆம் நாள் பிறந்தார். தந்தை எட்வர்ட் வைட் பென்சன் 1883 முதல் 1896 வரை கேன்டர்பரி பேராயர், அதாவது ஆங்கிலிக்கன் சபையின் தலைமைப் பீடத்தில் இருந்தவர். 1895-இல் தம் மகனைத் தம் கைகளாலேயே ஆங்கிலிக்கன் குருவாக்கினார். மறு ஆண்டு தந்தை இறந்தார். மகன் 1903-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து 1904-இல் உரோமையில் குருவானார். கேன்டர்பரி பேராயரின் மகன் கத்தோலிக்கக் குருவானது அந்நாளில் பெரிய செய்தி. அவருடைய தாயார் கடைசிவரை ஆங்கிலிக்கனாகவே இருந்தார். ஆனால் மகனிடம் கசப்புக் காட்டவில்லை. பிரிந்த பாதையில் போகும் மகனுக்கும் தந்தைக்கும் இடையே என்ன நடக்கும் என்பதை பென்சன் ஏட்டில் படித்து எழுதவில்லை என்றே தோன்றுகிறது. 1914 அக்டோபர் 19-ஆம் நாள், 42-ஆம் வயதில் அவர் இறந்தார். உலக முடிவைப் பற்றிய அவருடைய மற்றொரு நாவலான 'லார்ட் ஆஃப் த வேர்ல்ட்' நூலைத் திருத்தந்தை பிரான்சிஸ் பலரிடம் பரிந்துரைத்ததால் அவர் பெயர் அண்மைக் காலத்தில் மீண்டும் பேசப்பட்டது.

நாவலில் குறைகள் உண்டு. மார்ஜரி எப்போதும் சரியாகவே நடக்கிறாள். ஒருமுறையாவது எரிச்சல்படக்கூடாதா என்று தோன்றும். டாப்கிளிஃப் முதல் பக்கத்திலிருந்தே வில்லன். எதிர்த்தரப்பின் அச்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கு பென்சன் அதிக இடம் தரவில்லை. 1570-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் எலிசபெத்தைச் சபை விலக்கம் செய்து, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று அறிவித்தார். அதன் பிறகு அரசைப் பொறுத்தவரை ஒவ்வொரு கத்தோலிக்கரும் சந்தேகத்துக்குரியவரானார். அரசிக்கும் விசுவாசமாக, திருச்சபைக்கும் உண்மையாக இருக்க நினைத்த எளிய மக்களே இரு பக்கமும் அடிபட்டார்கள். இந்தச் சிக்கலை பென்சனின் முதல் வரலாற்று நாவலான 'பை வாட் அத்தாரிட்டி?' இன்னும் நேர்மையாகக் கையாள்கிறது. அதில் வரும் தூய்மைவாதப் புராட்டஸ்டண்ட் தந்தை நாரிஸ், பென்சன் படைத்த மிக அழகான மனிதர்களுள் ஒருவர். அதை எழுதத் தொடங்கியபோது பென்சன் இன்னும் ஆங்கிலிக்கனாகவே இருந்தார் என்பதும் காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றையும் நாம் மறைக்கக்கூடாது. எலிசபெத்துக்கு முன் ஆண்ட கத்தோலிக்க அரசி முதலாம் மேரியின் காலத்தில், 1555 முதல் 1558 வரை, சுமார் 280 புராட்டஸ்டண்ட் மக்கள் தீயிலிடப்பட்டார்கள். டார்பி நகரமும் அதிலிருந்து தப்பவில்லை. ஜோன் வேஸ்ட் என்ற 22 வயதுப் பெண் பிறவியிலேயே பார்வையற்றவர். தந்தை முடி திருத்துபவர், கயிறும் திரிப்பவர். ஜோன் பின்னல் வேலை செய்து சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் ஒரு புதிய ஏற்பாடு வாங்கினார். தம்மால் படிக்க முடியாது. சிறையிலிருந்த ஒரு முதியவரிடம் நாள்தோறும் போய் ஓர் அதிகாரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவரால் முடியாத நாட்களில் வேறு யாருக்காவது காசு கொடுத்துப் படிக்கக் கேட்டார். நற்கருணையைப் பற்றிய கத்தோலிக்கப் போதனையை ஏற்க மறுத்ததற்காக 1556 ஆகஸ்ட் 1-ஆம் நாள், தம் சகோதரனின் கையைப் பிடித்தபடி நடந்து போய் அவர் எரிக்கப்பட்டார். பேட்லி குருக்கள் மூவரும் அதே ஊரில் கொல்லப்பட்டது 32 ஆண்டுகள் கழித்து. இரண்டு கூட்டங்களிலும் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் டார்பியில் சிலராவது இருந்திருப்பார்கள். மேரியின் ஆட்சியைப் பற்றி பென்சன் 1906-இல் தனி நாவலே எழுதினார். 'குவீன்ஸ் டிராஜெடி' என்ற அந்நூலைப் படித்துவிட்டு இதைப் படிப்பவருக்குப் பார்வை விரியும்.

1970 அக்டோபர் 25-ஆம் நாள் கேம்பியன், கிளித்தரோ, ஓவன் உள்ளிட்ட 40 பேரைப் புனிதர்களாக அறிவித்த திருத்தந்தை ஆறாம் பவுல், ஆங்கிலிக்கன் சபையை அன்புக்குரிய சகோதரி என்று அதே மறையுரையில் குறிப்பிட்டார். 1982 மே 29-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலும் ஆங்கிலிக்கன் பேராயர் ராபர்ட் ரன்சியும் கேன்டர்பரி பேராலயத்தில் அருகருகே முழந்தாளிட்டு மன்றாடினார்கள். அது பென்சனின் தந்தை பேராயராக வீற்றிருந்த ஆலயம்.

பேட்லி மாளிகை பிற்காலத்தில் இடிந்து, அதன் வாயில் கட்டடம் மட்டும் எஞ்சியது. அதன் மேல்தளத்தில்தான் சிற்றாலயம் இருந்தது. நெடுங்காலம் தொழுவமாகவும் வைக்கோல் அறையாகவும் கிடந்த அதை 1933-இல் கத்தோலிக்கர்கள் மீட்டுப் புதுப்பித்து மீண்டும் ஆலயமாக்கினார்கள். ஜூலை மாதத்தில் அங்கே திருப்பயணம் நடைபெறுகிறது. டார்பியில் புனித மரியா பாலத்தை ஒட்டிய பழைய பாலச் சிற்றாலயமும் இன்றுவரை நிற்கிறது.

பென்சன் இறந்து நூறாண்டுகள் கடந்துவிட்டதால் நூலுக்குக் காப்புரிமை இல்லை. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நடை சற்றுப் பழைய ஆங்கிலம். தொடக்க அத்தியாயங்களில் ஊர்ப் பெயர்களும் குடும்பப் பெயர்களும் குழப்பும். ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால் எளிது. முன்னுரையை விட்டுவிடாதீர்கள்: யார் யார் உண்மையில் வாழ்ந்தவர்கள், யார் யார் கற்பனை என்பதை ஆசிரியரே அங்கே பட்டியலிட்டுச் சொல்கிறார். ராபினும் மார்ஜரியும் கற்பனைப் பட்டியலில் இருக்கிறார்கள். ராபினின் தந்தையும் அப்படியே.